மாம்பழம் லாரியில், மனு டில்லியில்!

கிருஷ்ணகிரி மக்கள் இரயில் கேட்கிறார்கள்.

'புதிய இருப்புப் பாதைக் கோரிக்கை' என்று தலைப்பிட்டு, டில்லியிலே அதை ஒரு கட்டிலே கட்டி வைத்திருக்கிறார்கள். புதிய கோரிக்கையாம்! பறிகொடுத்தவன் சென்று, "ஐயா, என் பொருளைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டால், அதற்குப் 'புதிய கோரிக்கை' என்று பெயர் சூட்டுவது எந்த ஊர் நியாயம்?

1905-ம் ஆண்டிலே கிருஷ்ணகிரிக்கு இரயில் வந்தது. திருப்பத்தூரிலிருந்து ஏறத்தாழ 25 மைல். இரண்டரை அடி அகலமுள்ள சின்னஞ்சிறு பாதை. சிறிய எஞ்சின், சிறிய பெட்டிகள். ஆனாலும் இரயில் இரயில்தானே! நெல்லை ஏற்றினார்கள், புளியை ஏற்றினார்கள், பிள்ளைகுட்டிகளோடு தாங்களும் ஏறினார்கள். 1947-ம் ஆண்டிலே நாடு விடுதலை பெற்றது. அன்று அந்தப் பாதை இல்லை. தண்டவாளம் பெயர்க்கப்பட்டுவிட்டது. அடுத்த ஊரான தருமபுரிக்கு 1906-ல் மொரப்பூரிலிருந்து போடப்பட்டு, 1913-ல் ஓசூர் வரையிலே நீண்ட சிறு பாதையும் போர்க்காலத்திலே, 1941-ல், பெயர்த்தெடுக்கப்பட்டது.

வெள்ளைக்காரன் போன பிறகு வந்த நம்மவர்கள், அவன் பெயர்த்ததைத் திரும்பப் போட்டார்களா? மதுரை–போடி பாதை போரிலே பறிபோயிற்று. ஆனால் 1950-களிலே திரும்ப வந்தது. கிருஷ்ணகிரிக்கு வரவில்லை. பாட்டன் ஏறிய இரயிலுக்குப் பேரன் மனு எழுதுகிறான்! பேரன் எழுதிய மனுவுக்குப் பதில் வரும்போது, அதைப் படிக்கக் கொள்ளுப்பேரன் இருப்பானோ, அவனும் மனுதான் எழுதுவானோ, நாம் அறியோம்.

முக்கோணத்தின் நடுவிலே

தென்னாட்டு இரயில் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வடக்கே ஒரு பாதை: சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, குப்பம், பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போகிறது. 1864-ம் ஆண்டு முதல் போகிறது. கிழக்கே ஒரு பாதை: ஜோலார்பேட்டையிலே பிரிந்து திருப்பத்தூர், சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி வழியாகச் சேலம் சேருகிறது. மேற்கே ஒரு பாதை: சேலத்திலிருந்து ஓமலூர், தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூர் ஏறுகிறது. மூன்று பாதைகளும் சேர்ந்து ஒரு முக்கோணம். அந்த முக்கோணத்தின் நடுவிலே, மூன்று பக்கமும் இரயில் கூவ, ஒரு பக்கமும் தொடமுடியாமல் நிற்கிறது கிருஷ்ணகிரி! பந்தியின் நடுவிலே உட்காரவைத்து, இலை மட்டும் போடாத கதை இது.

இரயில் இல்லாத ஊர் என்றால் யாரும் எட்டிப் பாராத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். சாலைகளைக் கேளுங்கள், சொல்லும்! காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரி போகிற 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இங்கே வருகிறது. சென்னையிலிருந்து டில்லி போகிற 48-ம் எண் சாலை இங்கே வருகிறது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை வழியாக வருகிற 77-ம் எண் சாலை இங்கேதான் முடிகிறது. இரவு பகலாக லாரிகள் உறுமிக்கொண்டு போகின்றன. சுங்கச் சாவடியிலே அவை வரிசையாக நின்று பணம் கட்டிவிட்டுப் போகின்றன. சாலைக்குத் தெரிந்த ஊர், தண்டவாளத்துக்கு மட்டும் தெரியாதாம்!

2004-ம் ஆண்டிலே கிருஷ்ணகிரி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2011-ம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பிலே அந்த மாவட்டத்து மக்கள் 18 இலட்சத்து 79 ஆயிரம் பேர். மாவட்டத்திலே இரயிலே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஓசூரிலே உண்டு, இராயக்கோட்டையிலே உண்டு, சாமல்பட்டியிலே உண்டு. ஆட்சித் தலைவர் அலுவலகம் இருக்கிற ஊரிலே, நீதிமன்றம் இருக்கிற ஊரிலே, அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரிலே இல்லை! தன் மாவட்டத் தலைநகருக்கு வர, சாமல்பட்டிக்காரர் தன் ஊர் இரயிலடியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறவேண்டும். கிருஷ்ணகிரிக்காரர் சென்னைக்கு இரயிலிலே போகவேண்டுமானால், ஜோலார்பேட்டைக்கோ திருப்பத்தூருக்கோ நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸிலே போய், அகாலத்திலே நடைமேடையிலே துண்டு விரித்துப் படுத்துக் காத்திருக்கவேண்டும். 2022-ம் ஆண்டு நவம்பரிலே தென்னாட்டின் முதல் 'வந்தே பாரத்' வண்டி சென்னையிலிருந்து பெங்களூர் வழியாக மைசூருக்குப் புறப்பட்டது. கொடி அசைத்தார்கள், படம் பிடித்தார்கள். அந்த வண்டியும் ஜோலார்பேட்டையிலே திரும்பி, குப்பம் வழியாகப் போயிற்று. கிருஷ்ணகிரி அதைச் செய்தித்தாளிலே பார்த்தது.

பஞ்சம் போட்ட பாதை

1905-லே அந்தச் சிறு பாதையை ஏன் போட்டார்கள் என்பதை இன்றைய டில்லிப் பெரியோர்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டிற்று. அன்று கிருஷ்ணகிரி சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லா பட்ட பாடு சொல்லி முடியாது. பஞ்சத்தை ஆராய அமைந்த கமிஷன் 1880-லே ஆலோசனை சொல்லிற்று: வறண்ட சீமைகளுக்கு இருப்புப் பாதை போடுங்கள், தானியம் விரைந்து போய்ச் சேரட்டும் என்று. அந்த வழியிலே வந்தவைதான் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதையும் மொரப்பூர்–தருமபுரி பாதையும். பஞ்சப் பாதுகாப்புப் பாதைகள் என்பது அவற்றுக்கு அன்று இட்ட பெயர்.

வெள்ளையனுக்கு நாம் வாழ்த்துப்பா பாடவில்லை. அதே பஞ்சத்தின்போது, இருந்த தண்டவாளங்களின் வழியாகத்தான் உள்நாட்டுத் தானியம் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறிற்று என்பதையும் நாம் மறக்கவில்லை. இரயில் ஓடினால் மட்டும் போதாது, அது யாருக்காக ஓடுகிறது என்பதுதான் கேள்வி என்று அன்றே வரலாறு எழுதிவைத்துவிட்டது. நாம் கேட்பது ஒன்றே ஒன்று. இலாபம் பார்க்க வந்த கம்பெனிக்காரனின் வாரிசு கூட, இந்தச் சீமையிலே இலாபக் கணக்குப் பாராமல் ஒரு பாதை போட்டான். 'மக்களால், மக்களுக்காக' என்று முழங்குகிற குடியரசு, அதே சீமையைப் பார்த்து, "உனக்கு இரயில் விட்டால் எனக்கு எத்தனை சதவீதம் கிடைக்கும்?" என்று கேட்கிறதே, அது முறையா?

அளந்தார், அளந்தார், அளந்துகொண்டே இருந்தார்!

ஒரு புதிய பாதை எப்படிப் பிறக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தால்தானே எந்தக் கதவிலே பூட்டு தொங்குகிறது என்று அறியமுடியும்! ஆகவே சொல்கிறோம்.

முதலிலே ஒரு சர்வே. எத்தனை பேர் ஏறுவார்கள், எத்தனை டன் சரக்கு வரும், மலை எங்கே, ஆறு எங்கே என்று பொதுவாகப் பார்ப்பது. பிறகு இறுதி சர்வே. எந்தப் புல எண் வழியாகத் தண்டவாளம் போகும், எங்கே பாலம், எங்கே நிலையம் என்று கோடு கிழிப்பது. பிறகு விரிவான திட்ட அறிக்கை. பிறகு இரயில்வே வாரியம். பிறகு, 2014 வரையிலே திட்டக் கமிஷன், அதன் பின்னர் நிதி ஆயோக். பெரிய திட்டமானால் மந்திரி சபை. பிறகு பட்ஜெட்டிலே எண். பிறகு நிலம். பிறகு டெண்டர். அதற்கும் பிறகுதான் ஜல்லி, கட்டை, தண்டவாளம்!

கிருஷ்ணகிரிக் கோரிக்கை இந்தப் படிக்கட்டிலே எந்தப் படியிலே நிற்கிறது? முதற் படியிலே ஏறும், இறங்கும். மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் வரையிலே சுமார் 100 கிலோமீட்டர் பாதை என்று பேசுகிறார்கள். ஒரு முறை அளந்தார்கள், ஆதாயம் குறைவு என்றார்கள். கட்டு மூடிற்று. தேர்தல் வந்தது, கட்டு திறந்தது. மறுபடி அளக்கச் சொன்னார்கள். சங்கிலி பிடித்து அளந்த காலம் போய், செயற்கைக்கோள் வைத்து அளக்கிற காலம் வந்துவிட்டது. அளவுகோல் மாறிற்று, ஆள் மாறினார், அளந்த நிலம் மட்டும் அப்படியே கிடக்கிறது. அளந்தே ஓர் ஊருக்கு இரயில் வருமென்றால், கிருஷ்ணகிரியிலே இன்று இரட்டைப் பாதையே ஓடிக்கொண்டிருக்கும்!

ஆதாயம் எத்தனை சதவீதம்?

படிக்கட்டிலே கோரிக்கையைக் கீழே தள்ளுகிற கை எது? 'வருவாய் விகிதம்' என்கிற கை! போட்ட முதலுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்குப் பதினான்கு வரவேண்டும் என்பது நெடுங்காலம் இரயில்வேயின் அளவுகோலாக இருந்தது. வட்டிக் கடைக்காரர் கணக்கு! அந்தக் கணக்கிலே பின்தங்கிய சீமைகளின் புதிய பாதைகள் தேறுவது அரிது. ஏன்? இரயில் இல்லாததாலே தொழில் இல்லை. தொழில் இல்லாததாலே சரக்கு இல்லை. சரக்கு இல்லாததாலே ஆதாயம் இல்லை. ஆதாயம் இல்லாததாலே இரயில் இல்லை! நீந்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் தண்ணீரிலே இறங்கவேண்டும் என்று பிள்ளைக்குச் சொன்ன தந்தையின் புத்திசாலித்தனம் இது.

மேலும் கேட்கிறோம். பலகோடி கொட்டி நாற்கரச் சாலை போடுகிறபோது, இதே துரைத்தனம் இரயில்வேயிடம் கேட்கிற கேள்வியைச் சாலையிடமும் இதே கண்டிப்போடு கேட்கிறதா? சாலை மக்களுக்குத் தேவை என்கிறார்கள். ஆம், தேவைதான். இரயில் மட்டும் யாருக்குத் தேவையாம்? மாட்டுக்கும் மரத்துக்குமா?

அது கிடக்கட்டும். அவர்கள் கணக்கிலேயே பேசுவோம். சரக்கு இல்லாத சீமையா கிருஷ்ணகிரி? கிளிமூக்கு மாம்பழம் என்றும் பெங்களூரா என்றும் அழைக்கப்படுகிற பழம் இந்த மாவட்டத்திலே குவியல் குவியலாக விளைகிறது. அது கூழாக்கப்பட்டுப் பீப்பாய் பீப்பாயாகச் சென்னைத் துறைமுகம் போய்க் கப்பலேறுகிறது. கருங்கல் பாளம் பாளமாக அறுக்கப்பட்டு வெளிநாடு போகிறது. இராயக்கோட்டையிலே தக்காளிச் சந்தை, சூளகிரியிலே கொத்தமல்லி, ஓசூரிலே ரோஜா. தொழிலோ? 1970-களிலே ஓசூரிலே சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் அங்கே பிறக்கின்றன. பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் தொழிற்பேட்டைகள் வந்தன. 2021-ம் ஆண்டு முதல் போச்சம்பள்ளிப் பக்கத்திலே மின்சார ஸ்கூட்டர் உற்பத்தியாகிறது. மின்சார வண்டி செய்கிற ஊருக்கு மின்சார இரயில் இல்லை என்றால், கேட்பவர் நகைக்கமாட்டார்களா?

ஒரு சரக்கு இரயில் இரண்டாயிரம் டன்னுக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும். அதே சுமையைத் தூக்க நூறு லாரிகளுக்கு மேல் வேண்டும். நூறு லாரிக்கு நூறு டிரைவர், நூறு டாங்கி டீசல், நூறு சுங்கச் சீட்டு! இத்தனையும் யார் தலையிலே விழுகிறது? பழத்தை விற்றவன் தலையிலே பாதி, பண்டத்தை வாங்கியவன் தலையிலே பாதி. 2025-ம் ஆண்டுப் பருவத்திலே மாம்பழ விலை வீழ்ந்து, தோப்புக்காரர்கள் கண்ணீர் வடித்தார்களே, மறந்துவிட்டோமா? இரயில் வந்தால் விலை தானாக ஏறிவிடும் என்று நாம் ஜோசியம் சொல்லவில்லை. கூழ்த் தொழிற்சாலை வைத்ததே விலை என்று குனிந்து நிற்கிற குடியானவனுக்கு, "இங்கே வேண்டாமென்றால் வடக்கே அனுப்புவேன்" என்று நிமிர்ந்து சொல்ல ஒரு வழி வேண்டும். அந்த வழி இரும்பு வழியாக இருந்தால் செலவு குறையும் என்றுதான் சொல்லுகிறோம்.

சரக்கைவிடப் பெரிது மனிதன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் 50 கிலோமீட்டர். பெங்களூர் 90 கிலோமீட்டர். விடியற்காலையிலே வேலைக்குப் போய் இரவிலே வீடு திரும்பக்கூடிய தொலைவு, இரயில் இருந்தால்! இல்லாததாலே, பெங்களூரிலே எட்டடி அறையிலே நாலு பேராகத் தங்கி, சம்பளத்திலே பாதியை வாடகைக்குக் கொட்டுகிறான் நம் பிள்ளை. வேலைக்குப் போகிற பெண்ணோ, நெடுஞ்சாலை ஓரத்திலே இருட்டிலே பஸ்ஸுக்கு நிற்கிறாள். மாத சீசன் டிக்கட் என்கிற ஒரு சிறு அட்டை, அந்த வாடகையையும் மிச்சப்படுத்தும், அந்த அச்சத்தையும் போக்கும். இந்த ஆதாயம் எந்தச் சதவீதத்திலே சேர்த்தி? எந்த நிபுணர் இதை அளந்தார்?

ஆயிரம் ரூபாய்ப் பாதைகள்

"அனுமதி கிடைத்துவிட்டால் போதும், இரயில் வந்துவிடும்" என்று நம்புகிற நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு 70 கிலோமீட்டர் பாதை. 2006-07-ம் ஆண்டிலே அனுமதி கிடைத்தது. ஈரோட்டிலிருந்து பழனிக்கு ஒரு பாதை, அத்திப்பட்டிலிருந்து புத்தூருக்கு ஒரு பாதை. இவையும் அனுமதி பெற்றவைதாம். இரயில்வே திட்டங்களுக்கு எவ்வளவு பணம் என்று சொல்கிற ஏட்டுக்குப் 'பிங்க் புத்தகம்' என்று பெயர். 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளிலே அந்தப் புத்தகத்திலே இத்தகைய தமிழ்நாட்டுப் பாதைகளுக்கு எழுதப்பட்ட தொகை எவ்வளவு தெரியுமா? ஆயிரம் ரூபாய்! ஆயிரம் கோடி அல்ல, ஆயிரம் இலட்சம் அல்ல, வெறும் ஆயிரம்! திட்டம் சாகவில்லை என்று காட்டுவதற்காகப் போடுகிற தொகையாம். தண்டவாளம் வேண்டாம், அந்தத் தொகைக்குத் தண்டவாளத்தின் படம் வரைந்து சட்டம் போடமுடியுமா? பிற்பாடு சில பாதைகளுக்குச் சில கோடிகள் வந்தன என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பசித்தவனுக்குப் பத்தாண்டு கழித்து ஒரு கவளம் ஊட்டிவிட்டு, "விருந்து வைத்தேன்" என்று சொல்லலாமா?

தருமபுரியைப் பாருங்கள். 1941-லே பறிபோன மொரப்பூர்ப் பாதை திரும்ப வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, 2016-17-லே அனுமதி வந்தது. 36 கிலோமீட்டர். மதிப்பீடு ஏறத்தாழ 359 கோடி ரூபாய். 2019-ம் ஆண்டு மார்ச்சிலே, பொதுத் தேர்தலுக்குச் சற்று முன்னே, அடிக்கல் நாட்டப்பட்டது. கல் நட்டதும் கடமை முடிந்தது போலும்! ஆண்டுகள் உருண்டன, நில எடுப்புப் பேச்சே நீண்டது. மாலையிலே நட்ட கல்லுக்கு மறுநாளே மாலை போட ஆள் இல்லை.

முடியாத காரியமா இது? கொங்கணக் கரையைப் பாருங்கள். 1990-லே கழகம் அமைத்தார்கள். 1998-லே முழு நீளத்துக்கும் இரயில் ஓடிற்று. 740 கிலோமீட்டர்! மலையைக் குடைந்தார்கள், ஏறத்தாழ 90 குகைகள். எட்டே ஆண்டுகள்! அங்கே மலையைக் குடைய முடிந்தவர்களுக்கு இங்கே சமவெளியிலே சல்லி கொட்ட முடியவில்லையாம். நம் நாட்டிலும் சான்று உண்டு. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு 85 கிலோமீட்டர் பாதை, தொண்ணூறுகளிலே அனுமதி, 2013-லே இரயில் ஓடிற்று. காலம் கடந்ததுதான். ஆனாலும் ஓடிற்று! லாரிக்குப் பேர்போன நாமக்கல்லிலே இரயிலும் கூவுகிறது. லாரித் தொழில் அதனால் அழிந்தா போயிற்று?

எந்த வழி? எப்படி?

குறை சொல்வதோடு நிற்பது நம் வழக்கமல்ல. திட்டமும் சொல்கிறோம்.

நூறு கிலோமீட்டரையும் ஒரே மூச்சிலே கேட்டால், ஒரே மூச்சிலே மறுப்பார்கள். ஆகவே இரண்டு பகுதியாக்குங்கள். முதற் பகுதி, கிழக்கே: திருப்பத்தூர்–ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து பர்கூர் வழியாகக் கிருஷ்ணகிரி. ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். பழைய சிறு இரயில் ஓடிய சீமை. பெரிய மலை ஏற்றம் இல்லை. இதை முடித்தால், அன்றே கிருஷ்ணகிரி சென்னையோடும் சேலத்தோடும் கோவையோடும் சேர்ந்துவிடும். வரைந்து வைத்த நூறைவிட, முடித்து வைத்த நாற்பது மேல்!

இரண்டாம் பகுதி, மேற்கே: கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர். இங்கேதான் எஞ்சினியர்களுக்கு வேலை. கிருஷ்ணகிரி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டர். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர். நானூறு மீட்டர் உயரத்தை ஐம்பது அறுபது கிலோமீட்டரிலே ஏறவேண்டும். நூறு அடி ஓடினால் ஓரடிக்கு மேல் ஏறாமல் இருப்பது சரக்கு இரயிலுக்கு நல்லது. மேலுமலைப் பக்கத்திலே லாரி முனகிக்கொண்டு ஏறுகிறதே, அங்கே தண்டவாளம் வளைந்துதான் ஏறவேண்டும். கொஞ்சம் குடையவும் வேண்டியிருக்கலாம். சூளகிரி வழியாக நேரே ஓசூருக்குப் போவதா, அல்லது முப்பது கிலோமீட்டர் அளவிலே இராயக்கோட்டைக்குப் போய், இருக்கிற சேலம்–பெங்களூர்ப் பாதையிலே சேர்வதா? இரண்டாவது வழி செலவு குறைவு. ஆனால் அந்தப் பழைய ஒற்றைப் பாதையை இரட்டைப் பாதையாக்காவிட்டால், எதிர் வண்டிக்காகக் காட்டு ஸ்டேஷனிலே காத்துக் கிடக்கவேண்டியதுதான். முதல் வழி செலவு அதிகம்; ஆனால் தொழிற்பேட்டைகளைத் தொட்டுக்கொண்டு போகும். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை மக்கள் முன்னே வையுங்கள். வாரியத்தின் இரும்புப் பெட்டியிலே வைத்துப் பூட்டாதீர்கள். கட்டப்போவது எங்கள் ஊரிலே. கணக்கு மட்டும் எங்களுக்கு இரகசியமா?

ஸ்டேஷனையும் ஊருக்கு வெளியே பத்துக் கிலோமீட்டரிலே, பொட்டல் காட்டிலே கட்டிவிட்டுப் 'கிருஷ்ணகிரி' என்று பலகை மாட்டிவிடாதீர்கள். பஸ் நிலையத்திலிருந்து எளிதிலே போய்ச்சேரத்தக்க இடத்திலே கட்டுங்கள். இரவிலே ஓடுகிற விரைவு வண்டி இரண்டு விட்டுப் பெருமை பேசாதீர்கள். காலையிலே வேலைக்கும் மாலையிலே வீட்டுக்கும் போகிற சாதாரண வண்டி விடுங்கள். பாதை என்பது படத்துக்கு; நேரம்தான் பயணத்துக்கு!

தோப்புக்காரரின் கேள்வி

இரயில் வேண்டும் என்று மேடையிலே முழங்குவது எளிது. "என் மாந்தோப்பின் நடுவே கோடு கிழிக்கிறார்களே" என்று ஒருவர் எழுந்து நின்றால், அவருக்கு என்ன பதில்? அவரை 'முன்னேற்றத்தின் எதிரி' என்று ஏசுவது மேதாவிகளின் வழக்கம். நாம் ஏசமாட்டோம். ஒட்டு மாமரம் காய்க்க நாலைந்து ஆண்டு ஆகும். நன்றாகக் காய்த்துக் குலுங்கப் பத்தாண்டு ஆகும். அந்த மரத்தைத் தன் பிள்ளையோடு பிள்ளையாக வளர்த்தவர் கேட்கத்தான் செய்வார்.

2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், நியாயமான இழப்பீடு என்கிறது, மரங்களின் மதிப்பை அந்தத் துறை அறிந்தவர்களைக் கொண்டு கணக்கிடவேண்டும் என்கிறது, மறுவாழ்வு என்கிறது. சட்டம் சொல்வதைத் தாசில்தார் கச்சேரியிலே செய்துகாட்டுங்கள். பணத்தை முன்னே கொடுங்கள், கடப்பாரையைப் பின்னே கொண்டு வாருங்கள். நெடுஞ்சாலை ஓரமாகவும் புறம்போக்கு வழியாகவும் போக முடிகிற இடத்திலே தோப்பைத் தொடாதீர்கள். பெரிய புள்ளியின் நிலத்தைச் சுற்றி வளைந்து போய், ஏழையின் இரண்டு ஏக்கரை இரண்டாகப் பிளக்கிற கோணல் கோடு வேண்டவே வேண்டாம்! அப்படியொரு கோடு விழுந்தால், இரயில் கேட்டு எழுதிய அதே பேனாவால் அதை எதிர்த்தும் எழுதுவோம்.

யார் கை நீளவேண்டும்?

இரயில்வே என்பது அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலே, ஒன்றியப் பட்டியலிலே, 22-வது இனமாக இருக்கிறது. அதிகாரம் முழுவதும் டில்லியிடம்! அனுமதி கொடுப்பதும் டில்லி, மறுப்பதும் டில்லி, பணம் ஒதுக்குவதும் டில்லி, பதுக்குவதும் டில்லி. அப்படியானால் பொறுப்பும் டில்லிக்குத்தானே? ஆனால் இப்போது புதிய பாடம் சொல்கிறார்கள்: "மாநிலம் பாதிச் செலவைக் கொடுக்கட்டும், நிலமும் கொடுக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று. கர்நாடகம் அப்படிப் பங்கு கொடுத்துச் சில பாதைகள் பெறுகிறது. பெறட்டும். ஆனால் தத்துவம் என்ன? வரி வாங்குகிறபோது அதிகாரம் ஒன்றியத்துக்கு. செலவு செய்கிறபோது பாரம் மாநிலத்துக்கு! வீட்டுக்காரர் சாவியைத் தம் மடியிலே வைத்துக்கொண்டு, கூரை வேய மட்டும் குடியிருப்பவனைக் கூப்பிடுகிறார்.

1924 முதல் 2016 வரையிலே இரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. ஆண்டுக்கு ஒரு நாளாவது பார்லிமெண்டிலே, "எங்கள் ஊருக்கு என்ன?" என்று உறுப்பினர்கள் எழுந்து நிற்க வழி இருந்தது. 2017-லே அதைப் பொது பட்ஜெட்டோடு கரைத்துவிட்டார்கள். இன்று நிதியமைச்சரின் நீண்ட உரையிலே சிறிய ஊரின் பெயர் காதிலே விழுவதே இல்லை. தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேட, கிருஷ்ணகிரி அந்தப் பிங்க் புத்தகத்தைப் புரட்டவேண்டும். புரட்டினால் பெயர் இராது, இருந்தால் பணம் இராது!

மாநிலத்துக்கும் ஒரு சொல் சொல்லவேண்டும். சென்னைக் கோட்டையிலே எவர் ஆட்சியில் இருந்தாலும், நிலம் எடுத்துக் கொடுக்கிற வேலை மாநிலத்தின் வேலை. அதிலே ஒரு மாதம் தாமதித்தாலும், "நிலம் வரவில்லை, ஆகவே பணம் தரவில்லை" என்று சொல்ல டில்லிக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். சாக்குத் தேடுகிறவர்களுக்குச் சாக்குத் தைத்துக் கொடுக்கிற வேலை நமக்கு வேண்டாம். தனி அலுவலரைப் போடுங்கள்; தோப்புக்காரரிடம் நேரிலே பேசுங்கள்; நிலத்தைத் தயாராக வையுங்கள். பிறகு டில்லி என்ன சொல்கிறது பார்ப்போம்!

கிருஷ்ணகிரி மட்டும் தனியாகக் கூவினால் குரல் கணவாயிலேயே கரைந்துவிடும். இரயிலுக்கு ஏங்கி நிற்கிற பெரம்பலூர் இருக்கிறது. சின்னசேலத்திலிருந்து பதினாறே கிலோமீட்டர் பாதைக்கு ஆண்டுக்கணக்கிலே காத்த கள்ளக்குறிச்சி இருக்கிறது. செஞ்சி இருக்கிறது, தருமபுரி இருக்கிறது. ஊருக்கு ஊர் தனித்தனியாக மனு எழுதுவதை விடுங்கள். எல்லா ஊரும் சேர்ந்து ஒரே பட்டியல் போடுங்கள்: எந்தப் பாதை, எத்தனை கிலோமீட்டர், எந்த ஆண்டு அனுமதி, எத்தனை ரூபாய் ஒதுக்கினார்கள், எத்தனை செலவழித்தார்கள் என்று. ஓட்டுக் கேட்டு எவர் வந்தாலும், மாலைக்கு முன்னே அந்தப் பட்டியலைக் கையிலே கொடுங்கள். "இதிலே எந்த வரியை எந்த ஆண்டுக்குள்ளே முடிப்பீர்?" என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். அடுத்த தேர்தலிலே அதை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

நாம் தங்கத் தண்டவாளம் கேட்கவில்லை. எடுத்துப்போன இரும்பைத் திருப்பிக் கேட்கிறோம். அன்று எடுத்தது இரண்டரை அடி. இன்று கேட்பது ஐந்தரை அடி. ஆம், வட்டியோடுதான் கேட்கிறோம்!